எண்ணும் மூலமும்: உப்பில் சேரும் ஒரு பொருளை முன்வைத்து

ஹராமான உணவுச் சேர்மானங்களின் பட்டியல் என்னும் ஓர் எழுத்து வகை நம்மிடையே வேரூன்றி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது. ஒளிநகல் தாளாகப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டும், ஜும்ஆவுக்குப் பின் வாயிலில் வழங்கப்பட்டும், இதழ்களின் கடைசிப் பக்கத்தை நிரப்பியும் வந்த அது இன்று கைப்பேசி வழியாகவும் வலம் வருகிறது. வடிவம் எங்கும் ஒன்றே: இடப்பக்கம் எண், வலப்பக்கம் தீர்ப்பு. எழுதியவர் யார், எந்த மத்ஹபின் வழியில் தீர்ப்புக் கூறினார், அப்பொருள் உருவாகும் ஆலையைப் பற்றி என்ன அறிவார் என்பன அதில் இடம்பெறுவதில்லை. கவிதைக்கும் கதைக்கும் திறனாய்வு எழுதுகிறோம். திருமறை விரிவுரைகளுக்கு மதிப்புரை எழுதுகிறோம். அவற்றையெல்லாம் திறந்தே பாராத வீடுகளிலும் சமையலறைச் சுவரில் இடம் பிடித்துவிடும் இந்த எழுத்தை மட்டும் திறனாய்வுக்கு உரியதாக நாம் கருதுவதில்லை.

கருத வேண்டிய தேவை நமக்கு ஒரு வீட்டில் ஏற்பட்டது. அவ்வீட்டு மருமகள் கருவுற்றிருந்தார். மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையின் புட்டியில் சேர்மானங்களின் வரிசை அச்சிடப்பட்டிருந்தது. அவ்வரிசையில் இருந்த மெக்னீசியம் ஸ்டியரேட் என்னும் பெயர், சுவரில் ஒட்டியிருந்த தாளிலும் ஹராம் என்ற தீர்ப்போடு இருந்தது. மஹல்லா ஹஸ்ரத்திடம் கேட்டார்கள். அவர் நல்ல மனிதர்; “பேணுதலாக விட்டுவிடுவது நல்லது” என்றார். மாத்திரை நின்றது. அப்பெண்ணுக்கு இரத்தசோகை இருந்தது. பட்டியலோடு தொடங்கிய அவ்வீட்டாரின் ஐயம் அத்துடன் நிற்கவில்லை. சில நாள்களில் உப்புப் பொட்டலத்தின் பின்புறத்தில் இருந்த 536 என்ற எண்ணுக்கும் பரவியது. அது என்ன என்று நம்மிடம் கேட்டார்கள். இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

உப்பிலிருந்தே தொடங்குவோம். உப்பின் மணிகள் சிறு கனசதுரங்கள். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவைத் தாண்டினால் தூய உப்பு கசியத் தொடங்கும். ஈரம் வற்றும்போது கரைந்த உப்பு மணிகளுக்கிடையே மீண்டும் படிகமாகி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீர்த்துப்போகும். நம் உம்மாமார்கள் உப்பை மண்சட்டியிலும் மரவையிலும் வைத்ததும், தூளுப்பில் நாலு அரிசியைப் போட்டு வைத்ததும் இதற்காகத்தான். ஆலைகள் வேறு வழிகளைக் கண்டன. அமெரிக்காவின் மார்ட்டன் நிறுவனம் 1911இல் மெக்னீசியம் கார்பனேட்டைச் சேர்த்து, மழைக்காலத்திலும் கட்டிபடாத உப்பை விற்கத் தொடங்கியது. பின்னர் வந்தவற்றுள் ஒன்றுதான் 536 என்ற எண்ணுக்குரிய பொட்டாசியம் பெர்ரோசயனைடு. அது உப்பு மணியின் மேற்பரப்பில் அமர்ந்து, படிகம் வளரும் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. மணிகளுக்கிடையே உருவாகும் பாலங்கள் உறுதியற்றவையாகி, தொட்டால் உதிர்கின்றன. கிலோவுக்குச் சில மில்லிகிராம் போதும். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

சயனைடு என்ற பெயரைக் கேட்டதும் எழும் அச்சத்தை முதலில் நீக்கிவிடலாம். இச்சேர்மத்தில் சயனைடு இரும்போடு மிக இறுகப் பிணைந்திருக்கிறது. வயிற்றில் அது எளிதில் பிரிவதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வகுத்த பாதுகாப்பான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.03 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 1.8 மில்லிகிராம் ஆகும். அவர் நாளொன்றுக்குப் பத்துக் கிராம் உப்பு உண்டாலும், உச்ச அளவில் சேர்க்கப்பட்டிருந்தால்கூட, உடலில் சேர்வது 0.1 மில்லிகிராமே. பத்துக் கிராம் உப்பு செய்யும் கேடுதான் பெரிது.

ஆயினும், அளவு சிறிது என்பது நஞ்சியலின் விடை. ஃபிக்ஹின் விடை அதுவன்று. பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு துளி சிறுநீர் விழுந்தாலும் ஷாஃபிஈ ஃபகீஹ் அத்தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வார். மன்னிக்கப்பட்ட அற்ப நஜீஸ்கள் உண்டு. அவை தனியே எண்ணிக் கூறப்பட்டவை. ஆகவே 536 எதிலிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அங்கேதான் பட்டியல் எழுதுவோர் அறியாத ஒரு வரலாறு காத்திருக்கிறது.

பெர்லின் நகரில் 1706ஆம் ஆண்டையொட்டி டீஸ்பாக் என்ற சாயத் தொழிலாளர் சிவப்பு நிறமொன்றைத் தயாரிக்க முயன்றார். அதற்கு வேண்டிய பொட்டாஷை டிப்பெல் என்ற ரசவாதியிடமிருந்து பெற்றார். காய்ந்த இரத்தத்திலிருந்து எண்ணெய் வடிக்கப் பயன்பட்டு மாசுபட்டிருந்த பொட்டாஷ் அது. சிவப்பு வரவில்லை, ஆழ்ந்த நீலம் வந்தது. பிரஷ்ய நீலம் என்று உலகம் அறிந்த அந்நிறத்தின் செய்முறை இரகசியமாகக் காக்கப்பட்டு, 1724இல் இலண்டனில் வெளியானது. 1752இல் பிரெஞ்சு வேதியியலாளர் மக்கேர் அந்நீலத்தைக் காரத்தோடு சேர்த்து மஞ்சள் நிற உப்பொன்றைப் பெற்றார். அதுவே நம் 536. பின்னர் அது நேரடியாகவே தயாரிக்கப்படலாயிற்று: இரும்புக் கொப்பரையில் பொட்டாஷை உருக்கி, இறைச்சிக் கொட்டிலின் காய்ந்த இரத்தத்தையும் கொம்பையும் குளம்பையும் தோல் கழிவையும் இரும்புத் தூளையும் போட்டுச் செந்தழலில் வேகவைத்தார்கள். குளிர்ந்ததை நீரில் கரைத்து வடித்தால் மஞ்சள் படிகம் கிடைக்கும். ஜெர்மானியர் இன்றும் அதை ‘இரத்தக் கார உப்பு’ எனப் பொருள்படும் பெயராலேயே வழங்குகின்றனர்.

ஓடும் இரத்தம் ஹராம் என்பது திருக்குர்ஆனின் தெளிவான சட்டம். அவ்விரத்தத்தைச் செந்தழலில் எரித்து எடுத்த உப்பு ஹலாலா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கேள்வி எழுந்திருந்தால் அது வெறும் ஊகக் கேள்வியாக இருந்திராது. நம் ஃபுகஹாக்கள் அதற்கு ஆயத்தமாகவே இருந்தார்கள். ஒரு பொருள் தன் மெய்யியல்பை இழந்து வேறொரு பொருளாக மாறுவதை அவர்கள் ‘இஸ்திஹாலா’ என்றார்கள். அதற்கு அவர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்தாண்ட சான்றே உப்புதான் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. கழுதையோ பன்றியோ உப்பளத்தில் விழுந்து, காலப்போக்கில் முற்றிலும் உப்பாகிவிட்டால் அந்த உப்பின் நிலை என்ன? இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்தைப் பின்பற்றி ஹனஃபி மத்ஹபின் ஃபத்வா அது சுத்தமானது என்கிறது. ‘அத்துர்ருல் முக்தார்’ நஜீஸை எரித்த சாம்பலையும், கழுதையாகவோ பன்றியாகவோ இருந்து உப்பாகிவிட்டதையும் அடுத்தடுத்து வைத்து இரண்டும் நஜீஸல்ல என்று கூறுகிறது. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) இதில் மாறுபட்டார்கள். மாலிக்கி மத்ஹபிலும், இப்னு ஹஸ்ம், இப்னு தைமிய்யா (ரஹ்) ஆகியோரிடத்தும் இஸ்திஹாலாவை ஏற்கும் போக்கே மேலோங்கியது. ஷாஃபிஈ மத்ஹபோ இவ்வாசலை ஏறத்தாழ அடைத்தே வைத்திருக்கிறது. தானாகப் புளித்துக் காடியான மது, பதனிடப்பட்ட தோல் என எண்ணிக் கூறப்பட்ட சிலவற்றையன்றி, இயல்பிலேயே நஜீஸானது மாற்றத்தால் சுத்தமாகாது. உப்பளத்தில் விழுந்த நாய் உப்பானாலும் அந்த உப்பு நஜீஸே என்று இமாம் நவவி (ரஹ்) தம் ‘மஜ்மூஃ’ நூலில் தெளிவுபடுத்துகிறார்கள்.

நம் தமிழகத்திலோ கடலோரத்து ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி. அன்றைய இரத்த உப்பு காயல்பட்டினத்தில் ஒரு தீர்ப்பையும் திண்டுக்கல்லில் வேறொரு தீர்ப்பையும் பெற்றிருக்கும். இரண்டும் இலக்கணம் பிறழாத தீர்ப்புகளாகவே இருந்திருக்கும். ஒரே நெடுவரிசையில் ‘ஆகும்’, ‘ஆகாது’ என்று எழுதிச் செல்லும் தாளில் இதற்கு இடமில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரி வாயுவைத் தூய்மைப்படுத்தும் ஆலைகளின் கழிவிலிருந்து இவ்வுப்பை எடுக்கலாயினர். இரத்தக் கொப்பரைகள் அவிந்தன. இன்று ஹைட்ரஜன் சயனைடு மீத்தேனிலிருந்தும் அம்மோனியாவிலிருந்தும் தயாரிக்கப்படுகிறது. அதனோடு இரும்பின் உப்பும் காரமும் சேர்ந்து பெர்ரோசயனைடு உருவாகிறது. இவ்வழியில் விலங்கு எங்கும் இல்லை. எனவே உப்புப் பொட்டலத்தில் உள்ள 536 ஹலால். இஸ்திஹாலா என்னும் கருவியை இதற்காக வெளியே எடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஷாஃபிஈக்கும் ஹனஃபிக்கும் இதில் ஒரே விடைதான். சில பட்டியல்களும் இந்த எண்ணுக்கு எதிரே ஹலால் என்றே எழுதியுள்ளன. விடை சரி. ஆனால் கணக்கின் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை; அடுத்த கணக்கில் அவன் தவறுவான் என்பது அவருக்குத் தெரியும்.

பட்டியல்கள் அடுத்த கணக்கில் தவறவே செய்கின்றன. இவ்வகை எழுத்தின் தாய்ப் பிரதி என்று சொல்லத்தக்க ஒரு கடிதம் உண்டு. ஐரோப்பாவில் பன்றிக் கொழுப்பை மறைத்து விற்பதற்காகவே இந்த எண்கள் உருவாக்கப்பட்டன என்பது அதன் கதை. 1857இல் தோட்டா உறையின் கொழுப்பால் எழுந்த கிளர்ச்சியையும் அது துணைக்கு அழைத்துக்கொள்கிறது. உண்மையில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1962இல் அனுமதிக்கப்பட்ட நிறமிகளை வரிசைப்படுத்தியபோது தொடங்கியது இம்முறை. அதற்கு முன் என்ன சேர்ந்தது என்றே பொட்டலத்திலிருந்து அறிய முடியாத நிலை பரவலாக இருந்தது. எண் வந்த பிறகே கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்தது. அக்கடிதத்தோடு வரும் பட்டியலில், நாம் கண்ட படிகளில், முதல் எண் 100. அது மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின். 270 லாக்டிக் அமிலம், தயிரின் புளிப்பு. 334 டார்டாரிக் அமிலம், புளியம்பழத்தின் புளிப்பு. மஞ்சளும் தயிரும் புளியும் பன்றிக் கொழுப்பென்றால் நம் அடுப்பில் ஏற்றுவதற்கு எஞ்சுவது தண்ணீர்தான். நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஆலைகள் டார்டாரிக் அமிலத்தைப் பெரிதும் திராட்சை மதுவின் அடிமண்டியிலிருந்து எடுக்கின்றன. ஃபிக்ஹு நோக்கில் அது வினவத்தக்க செய்தியே. பன்றி பன்றி என்று கூவிய கடிதம், கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கட்டிபடாமல் தடுக்கும் பிற பொருள்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். மசாலாத் தூளிலும் பால்மாவிலும் சேரும் 551 சிலிக்கான் டை ஆக்சைடு, மணலின் உறவினர். இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. 542 எலும்புப் பாஸ்பேட். பெயரே மூலத்தைச் சொல்லிவிடுகிறது. எந்த விலங்கின் எலும்பு, அது அறுக்கப்பட்டதா என்று கேட்டே தீர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்றைய அனுமதிப் பட்டியலில் அது இல்லை. பழைய தாள்கள் அதைத் தொடர்ந்து சுமக்கின்றன.

மெய்யான சிக்கல், அந்த மாத்திரைப் புட்டியில் இருந்த மெக்னீசியம் ஸ்டியரேட்டில்தான் இருக்கிறது. பட்டியல்களில் அதன் பழைய எண் 572. ஐரோப்பாவில் இன்று 470பி என்ற எண்ணுக்குள் அடங்கும். தூள்கள் ஒட்டாமலிருக்க உணவிலும், அச்சில் ஒட்டாமலிருக்க மாத்திரையிலும் அது சேர்கிறது. ஸ்டியரேட் என்ற சொல்லின் வேர் விலங்குக் கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆனால் ஸ்டியரிக் அமிலம் மாட்டுக் கொழுப்பிலும் இருக்கிறது. பன்றிக் கொழுப்பிலும் இருக்கிறது. நியாயவிலைக் கடையில் நாம் வாங்கும் பாமாயிலிலும் இருக்கிறது. எதிலிருந்து எடுத்தாலும் அதன் மூலக்கூறு ஒன்றே. அதற்குரிய எண்ணும் ஒன்றே. 536இல் ஒரே எண்ணுக்குரிய பொருள் காலத்தால் இரண்டு மூலங்களைக் கொண்டிருந்தது. இங்கோ ஒரே காலத்தில், ஒரே சந்தையில் கொண்டிருக்கிறது. எண் பொருளின் பெயர். ஃபிக்ஹு கேட்பது பொருளின் பிறப்பு. ஆகவே 572 ஹலால் என்று எழுதிய பட்டியலும் தவறு. ஹராம் என்று எழுதிய பட்டியலும் தவறு. ‘மஷ்பூஹ்’, அதாவது ஐயத்துக்குரியது என்று எழுதிவை சற்று மேல். ஆனால் ஐயம் வந்தபின் என்ன செய்வது என்று அவை சொல்வதில்லை. சொல்லாத இடத்தில்தான் அந்த மருமகளின் மாத்திரை நின்றுபோனது.

ஐயத்தைக் கையாள்வதற்கு நம் நூல்களில் வழியில்லாமல் இல்லை. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் ஐயத்துக்குரியவை உண்டு என்ற நபிமொழியை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) வழியாக நாம் அனைவரும் அறிவோம். மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அடிக்கடி கேட்காத வேறொன்று உண்டு. பொன்னானியின் ஷைக் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ நூலைத் தென்னாட்டு ஷாஃபிஈ மாணவர்கள் இன்றும் ஓதுகிறார்கள். அதன் நஜீஸ் பற்றிய பகுதியில் ஒரு விதி வருகிறது. அடிப்படையில் சுத்தமான ஒரு பொருள், பெரும்பாலும் நஜீஸ் கலந்தே புழங்குவதால் ஐயத்துக்கு உள்ளாகுமானால், அடிப்படையைக் கொள்வதா, பெரும்பான்மையைக் கொள்வதா என்பதில் இரு கருத்துகள் உண்டு; அடிப்படையைக் கொள்வதே ஏற்கத்தக்கது என்பது அவ்விதி. அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் இரண்டு நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கின்றன. பன்றிக் கொழுப்பிட்டு நெய்யப்படுவதாகப் பேர்பெற்ற கம்பளித் துணி ஒன்று. பன்றிக்குட்டியின் இரைப்பைத் திரவத்தால் உறையவைக்கப்படுவதாகப் பேர்பெற்ற ஷாம் நாட்டுப் பாலாடைக்கட்டி மற்றொன்று. அத்தகைய பாலாடைக்கட்டி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது அவர்கள் விசாரிக்காமல் உண்டார்கள் என்பதையும் தம் ஆசிரியர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) வழியாக அவர் பதிவு செய்கிறார்.

இஸ்திஹாலாவின் வாசலை அடைத்த அதே மத்ஹப்தான் இது என்பதைக் கவனிக்க வேண்டும். பன்றியிலிருந்து வந்தது என உறுதியாகத் தெரிந்தால் எந்த மாற்றமும் அதைத் தூய்மையாக்காது என்ற கண்டிப்பு ஒரு கையில். பன்றி என்ற பேச்சு பரவியிருப்பதாலேயே ஒரு பொருளை நஜீஸாக்கிவிட முடியாது என்ற நிதானம் மறு கையில். பட்டியல் எழுதுவோர் முதற்கையை மட்டும் பற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இறைச்சியிலும் கொழுப்பிலும் அடிப்படை ஹராமே. முறையாக அறுக்கப்பட்டது என்று தெரிந்த பின்பே ஹலால் ஆகும். எனவே ஸ்டியரேட்டுக்கு முதல் விதி பொருந்தாது என்பர். வலுவான மறுப்புதான். ஆனால் அவ்விதி, கையிலிருப்பது விலங்கின் உறுப்பு என்று தெரிந்த இடத்துக்குரியது. பாமாயிலிலிருந்தும் வரக்கூடிய ஒன்றை, விலங்கு என்று உறுதிப்படுமுன் விலங்காக வைத்துத் தீர்ப்பளிப்பது, ஐயத்தால் உறுதியைத் தகர்ப்பதாகும். ஆகவே மூலம் அறியப்படாத ஸ்டியரேட் கலந்த உணவு ஷாஃபிஈ நோக்கிலும் ஹராம் ஆகாது என்பதே நம் கருத்து. பன்றியிலிருந்தோ, முறைப்படி அறுக்கப்படாத பிராணியிலிருந்தோ எடுத்தது எனத் தெரியவந்தால் அம்மத்ஹபில் அது ஆகாது. மருத்துவத் தேவையும் மாற்று மருந்து இன்மையும் வேறு அத்தியாயம்.

ஹனஃபி நோக்கில் செய்தி இன்னும் சுவையானது. கொழுப்பை நீராவியாலும் அழுத்தத்தாலும் உடைத்து, கிளிசரினை நீக்கி, எஞ்சும் அமிலத்தை ஓர் உலோகத்தோடு இணைத்தால் கிடைப்பது வேதியியலில் சோப்பு எனப்படும். சோடியத்தோடு இணைந்தால் நாம் குளிக்கும் சோப்பு. மெக்னீசியத்தோடு இணைந்தால் மாத்திரையில் சேரும் இந்தத் தூள். நஜீஸான எண்ணெய் சோப்பாகிவிட்டால் சுத்தமாகும் என்று ‘அத்துர்ருல் முக்தார்’ கூறுகிறது. தவிர்க்கவியலாப் பொதுப் புழக்கத்தைக் கருதி இதன்படியே ஃபத்வா என்றும் அது சேர்க்கிறது. அதற்கு விரிவுரை எழுதிய இப்னு ஆபிதீன் (ரஹ்), சோப்புக் கொப்பரையில் நாய் விழுந்து சோப்பாகிவிட்டாலும் சுத்தமே என்ற வரை செல்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் திமிஷ்க் நகரில் வாழ்ந்த அறிஞரின் பக்கத்தில் நம் மாத்திரைப் புட்டியின் கேள்விக்கு இத்தனை அருகில் ஒரு விடை இருப்பதைப் பட்டியல் தாள் அறியாது. எனினும், உடம்பில் பூசுவதற்குச் சுத்தம் என்பதிலிருந்து வயிற்றுக்குள் செலுத்த ஆகும் என்பதற்கு ஒரே எட்டில் தாவிவிட முடியுமா என்று இன்றைய ஹனஃபி உலமாக்கள் சிலர் தயங்குகின்றனர். தயக்கம் நியாயமானது. ஜெலட்டின் குறித்தும் இதே பிளவு நிலவுகிறது: 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை அனுமதிக்கவில்லை, 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் கருத்தரங்கோ இஸ்திஹாலாவை ஏற்று, நஜீஸான பிராணியின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் உருவான ஜெலட்டின் சுத்தமானது என்றது. உம்மத்தின் பேரறிஞர்கள் ஒன்பதாண்டு இடைவெளியில் இருவேறு முடிவுக்கு வந்த பொருளை ஒற்றைச் சொல்லில் முடித்துவைக்கும் துணிவு பட்டியலுக்கு எங்கிருந்து வருகிறதோ!

இவ்வளவும் சொன்னதால், எதையும் விசாரிக்க வேண்டாம், எல்லாம் வஸ்வாஸ் என்று ஒதுக்குவோரின் பக்கம் நாம் நிற்பதாக எவரும் கொள்ள வேண்டாம். விசாரிப்பது எதைக் கண்டறியும் என்பதற்கு, நம்மைப்போல் ஷாஃபிஈ மரபில் ஊறிய இந்தோனேசியா சான்று. 1988இல் அங்கே பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்று சில பொருள்களைக் குறிப்பிட்ட செய்தி பரவி, சந்தையே கலங்கியது. அந்நாட்டு உலமா சபை பட்டியல் அச்சடித்து ஓயவில்லை. 1989 தொடக்கத்தில் ஆலைகளுக்குள் சென்று ஆராய ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 2000ஆம் ஆண்டின் இறுதியில், அஜினோமோட்டோ தயாரிப்பில் பயன்படும் நுண்ணுயிரிகளை வளர்க்கும் ஊட்டக் கரைசலில், சோயாப் புரதத்தைச் சிதைக்கப் பன்றியிலிருந்து பெற்ற நொதி பயன்பட்டதை அது வெளிக்கொணர்ந்தது. இறுதிப் பொருளில் பன்றியின் சுவடு எதுவும் இல்லை. எண்ணும் மாறவில்லை, 621 அதே 621தான். உலமா சபை ஹராம் என்றது. மார்க்கக் கல்விப் பரம்பரையில் வந்தவரான அன்றைய குடியரசுத் தலைவர் அப்துர் ரஹ்மான் வாஹித், 2001 ஜனவரியில், ஹலால் என்றார். நிறுவனம் தன் சரக்கைத் திரும்பப் பெற்றது. இரு தரப்பில் எதை ஏற்பது என்பது தனி ஆய்வுக்குரியது. ஆனால் அவ்விவாதம் நொதியைப் பற்றி நடந்தது, கரைசலைப் பற்றி நடந்தது, பயன்படுத்துதலும் கலத்தலும் ஒன்றா என்பதைப் பற்றி நடந்தது. நம் விவாதம் சுவரில் ஒட்டிய தாளைப் பற்றி நடக்கிறது.

நம் நாட்டிலும் மூலத்தை அறியும் வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. விலங்கிலிருந்து பெற்ற எதுவும் கலந்த உணவுப் பொருள் பச்சை அடையாளத்தைத் தாங்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். பாலும் தேனும் போன்றவை அதற்கு விலக்கு. சேர்மானத்தின் எண்ணை மட்டும் அச்சிட்டு மூலத்தை மறைப்பது ஆகாது, தாவரமா விலங்கா என்பதை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஆணையிட்டது. வழக்கைக் கொண்டு சென்றது முஸ்லிம் அமைப்பு அன்று. ராம் கௌவா ரக்ஷா தள் என்னும் பசுப் பாதுகாப்பு அமைப்பு. நொறுக்குத் தீனியில் சேரும் 631 என்ற எண் அவ்வழக்கில் பேசப்பட்டது. நாம் தாள் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், நமக்கும் பயன்படும் கேள்வியை வேறொருவர் மன்றத்துக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். பச்சை அடையாளம் ஹலால் முத்திரை ஆகாது. மதுசாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆயினும் ஸ்டியரேட் போன்றவற்றில் நமக்கு வேண்டிய ஒரே செய்தியை, கொழுப்பு விலங்கினுடையதா என்பதை, அது சொல்லிவிடுகிறது.

பேணுதலைப் பற்றியும் ஒரு சொல். முன்னோர்களின் பேணுதல் தம் தட்டைப் பற்றியதாக இருந்தது. ஒரு பெரியவர் ஐயத்துக்குரிய விருந்தில் கை நனைக்காமல் எழுந்துபோவார். பக்கத்தில் உண்பவரை ஏளனமாகப் பார்க்க மாட்டார், அவர் உண்பது ஹராம் என்று ஃபத்வாவும் கொடுக்க மாட்டார். தனக்குரிய பேணுதலைப் பிறருக்குரிய சட்டமாக்குவதை, அதுவும் இரத்தசோகையுள்ள கர்ப்பிணியின் உடம்பின்மேல் சுமத்துவதை, எந்த மத்ஹபும் பேணுதல் என்று அழைத்ததில்லை. ஹஸ்ரத் அவர்களிடம் இதை நாம் நேரில் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு, “ஃபத்ஹுல் முஈனில் அந்த ஜுப்னு மஸ்அலாவை நானும் ஓதியிருக்கிறேன், மாத்திரையோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை” என்றார்.

அவ்வீட்டில் உப்புக்கு விடை சொன்னபின் மாத்திரைப் புட்டியையும் வாங்கிப் பார்த்தோம். சேர்மானங்களின் வரிசைக்குச் சற்று மேலே, விலையும் தேதியும் அச்சிட்ட மூலையில், பச்சை அடையாளம் இருந்தது. இருபது நாளாக அப்புட்டி சமையலறை அலமாரியில், சுவரில் ஒட்டிய தாளுக்கு நேர் கீழே இருந்திருக்கிறது. அன்று இஷாவுக்குப் பிறகு அப்பெண் மாத்திரையை எடுத்துக்கொண்டார்.